சுங்கம் தவிர்த்த பாலமும் சுங்கம் கேளாத ஆறும்

ஒரு நாட்டின் செல்வம் யாது என வினவினால், பொன் என்பார் சிலர். நெல் என்பார் சிலர். கல்வியே செல்வம் என்பார் கற்றோர். இம்மூன்றனுள் எதனைக் கொண்டாலும், அது விளைவதற்கு நீரும், விளைந்தது ஓரிடத்தினின்று மற்றோரிடம் செல்வதற்கு வழியும் வேண்டும். ஆறும் சாலையும் இல்லாத நாட்டில் நெல் விளையாது, விளைந்தாலும் விலைபோகாது, மாணாக்கனும் பள்ளியை அடையான். இவ்விரண்டும் எல்லார்க்கும் பொதுவானவை. பொதுவானவை ஆதலினாலேயே இவற்றை ஆக்கும் செலவும் காக்கும் செலவும் எவருடையன என்னும் வினா எக்காலத்தும் எழுந்து வந்துள்ளது. ஈகையாளன் ஒருவன் ஏற்பதா? ஆளும் அரசு ஏற்பதா? அன்றிக் கடப்பவனும் கொள்பவனும் அவ்வப்போது காசு கொடுத்துத் தீர்ப்பதா? இவ்வினாவைப் பொருநையாற்றங்கரையில் இருந்துகொண்டு ஆராய்வது நமக்குப் பெரிதும் பொருத்தமுடைத்து. இதற்கு நம் முன்னோர் தந்த விடையொன்றின் மேல் நடந்தே நம்மிற் பலர் நாள்தோறும் கல்லூரிக்கு வருகின்றனர்.

திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலத்தையே ஈண்டுக் குறிக்கின்றோம். அப்பாலம் எழுவதற்கு முன்னர் இவ்விரண்டு ஊர்களும் கண்ணுக்கு எட்டியும் காலுக்கு எட்டாதனவாய் இருந்தன. ஒரு கரையில் நெல்லையப்பர் திருக்கோயிலும் கடைவீதிகளும்; மறுகரையில் கோட்டையும் படையும் கச்சேரியும். நீர் வற்றிய காலத்தில் மணலில் இறங்கி நடக்கலாம்; நீர் பெருகிய காலத்தில் ஓடமே துணை. வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஆறு கரைபுரளும் நாள்களில் ஓடமும் நின்றுவிடும். வழக்காளி கச்சேரியை அடையான். மருத்துவன் நோயாளியை அடையான். வாணிகன் சந்தையை அடையான்.

1840-ஆம் ஆண்டு, கலெக்டர் தாம்ஸன் என்பார் ஆற்றுக்கு ஒரு பாலம் இன்றியமையாதது எனக் கருதி அதற்கான முயற்சியைத் தொடங்கினார். பாலத்துக்கு வேண்டிய வரைபடத்தை ஹார்ஸ்லி என்னும் பொறியாளர் வகுத்தார். செலவு ஏறத்தாழ அரை இலட்சம் ரூபாய் ஆகும் என மதிப்பிடப்பெற்றது. அக்காலத்து அரை இலட்சம் எத்துணைப் பெருந்தொகை என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. இத்தொகையை ஊராரிடம் தண்டுவதா, கடப்போரிடம் சுங்கமாக வாங்கி ஈடு செய்வதா என்று பேச்சு எழுந்ததாகவும், கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் அதனைக் கேட்டு மனம் பொறாது, செலவு முழுவதையும் தாமே ஏற்பதாக முன்வந்ததாகவும் இந்நாட்டில் வழங்கும் வரலாறு கூறும். அவர் தம் மனைவியார் தம் அணிகலன்களைக் கழற்றித் தந்தார் என்பதும் செவிவழிச் செய்தி. 1843-ஆம் ஆண்டு நவம்பரில் பாலம் திறக்கப்பெற்றது. 11 வளைவுகளோடு, 760 அடி நீளமாய் நின்ற அப்பாலத்தில் அன்று தொட்டு இன்று வரை எவரும் காசு கேட்டதில்லை. 1869-ஆம் ஆண்டு வெள்ளத்தில் அதன் வளைவுகளிற் சில சேதமுற்றன, பின்னர் செப்பனிடப்பெற்றன. பிற்காலத்தில் பாலம் அகலமாக்கப்பட்டது. இப்பொழுது அதன் பக்கத்தில் இன்னொரு பாலமும் எழுந்துள்ளது.

இப்பாலம் இலண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றின் மேல் நின்ற வாட்டர்லூ பாலத்தை முன்மாதிரியாகக் கொண்டது என்பர். ஆயின் மாதிரிக்கும் இதற்கும் உள்ள ஒரு வேறுபாட்டை எடுத்துச் சொல்வார் இலர். 1817-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அந்த வாட்டர்லூ பாலம், பங்கு சேர்த்த ஒரு தனிக் கூட்டத்தாரால் இலாபம் கருதிக் கட்டப்பெற்ற சுங்கப்பாலம். நடந்து கடப்பவன் ஒவ்வொருவனும் ஒரு பென்னி கொடுத்தல் வேண்டும். விளைவு யாது? அப்பென்னிக்கு அஞ்சிய ஜனங்கள் சுற்றிச் சென்று, காசு கேளாத பழைய பாலங்களிலேயே நெருக்கிக்கொண்டு நடந்தனர். அழகிய புதுப்பாலம் ஆளின்றிக் கிடந்தது. பங்கு கொண்டவர்களும் பயனடைந்திலர். இறுதியில் 1878-ஆம் ஆண்டு நகரப் பொதுப்பணி அவையார் அதனை விலைக்கு வாங்கிச் சுங்கத்தை நீக்கினர். உலகப் பெருநகராகிய இலண்டன் 1878-இல் கற்ற பாடத்தை, நம் திருநெல்வேலிச் சிரஸ்தார் ஒருவர் 35 ஆண்டுகட்கு முன்னரே கற்றிருந்தார் என்பது நாம் பெருமைப்படத்தக்கதே.

பெருமை மட்டும் பேசி அமைவது எம் கருத்தன்று. சுங்கம் ஏன் பிறக்கிறது என்பதையும் நோக்குதல் வேண்டும். நம் பாலம் திறக்கப்பெற்ற அதே 1843-ஆம் ஆண்டில், ஆங்கிலநாட்டின் மேற்கிலுள்ள வேல்ஸ் நாட்டில் ஏழைக் குடியானவர்கள் இரவு தோறும் பெண்வேடம் பூண்டு திரண்டு, கோடரி கொண்டு சுங்கவாயில்களை வெட்டிச் சாய்த்துக் கொண்டிருந்தனர். அவர்கள் தலைவனுக்கு 'ரெபேக்காள்' என்று பெயர். பகைவர் வாசல்களைச் சுதந்தரிப்பதாக ஆதியாகமத்தில் ரெபேக்காளுக்குக் கூறப்பெற்ற வாழ்த்தினின்று அப்பெயர் வந்தது என்பர். அவர்களை அந்நிலைக்குக் கொண்டுவந்தது அரசியற் கொள்கையன்று. வயலுக்கு இடும் சுண்ணாம்பு. ஒரு வண்டிச் சுண்ணாம்பைச் சூளையிலிருந்து வயலுக்குக் கொண்டுவருவதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக வாயில்கள் மறித்தன. சுண்ணாம்பின் விலையோடு சுங்கத்தின் விலையும் சேர்ந்து குடியானவனை அழுத்திற்று. கலகம் அடங்கிய பின், 1844-ஆம் ஆண்டு தென் வேல்ஸின் சுங்கச்சாலைகளைச் சீர்திருத்தும் சட்டம் பிறந்தது.

அவ்வாயில்கள் எங்ஙனம் வந்தன? 16-ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கிலநாட்டில் ஒவ்வொரு ஊராரும் ஆண்டுக்கு ஆறு நாள் கூலியின்றித் தம் ஊர்ச்சாலையைச் செப்பனிடுதல் சட்டப்படி கடமையாய் இருந்தது. நாளடைவில் அக்கடமை பெயரளவில் நின்றது. வந்தவர் மண்வெட்டியை ஊன்றி நின்று பேசிப் போயினர். வசதியுடையோர் வாராமலே இருந்தனர். தூரதேசத்து வண்டிகள் உழுது போகும் பெருஞ்சாலையை நாம் ஏன் செப்பனிடல் வேண்டும் என ஊரார் கேட்ட கேள்வியிலும் நியாயம் இருந்தது. சாலை சேறாயிற்று. அதன்பின்னரே 1663-ஆம் ஆண்டில், சாலையிற் செல்வோரிடம் காசு வாங்கி அதனைக் காக்கலாம் என்ற முதற் சட்டம் எழுந்தது. பின்பு ஆயிரத்துக்கு மேற்பட்ட சுங்கச்சாலைக் குழுக்கள் தோன்றி, இருபதினாயிரம் மைலுக்கு மேற்பட்ட சாலைகளை வாயிலிட்டு ஆண்டன. இருப்புப்பாதை வந்ததும் அவற்றின் வருவாய் தேய்ந்தது. 1895-ஆம் ஆண்டில் கடைசிக் குழுவும் மறைந்தது. இவ்வரலாற்றிலிருந்து யாம் கொள்ளும் பாடம் ஒன்றே: ஊரார் கூடிச் செய்யும் காவல் ஒழிந்த இடத்திலேயே சுங்கவாயில் முளைக்கிறது. சுங்கம் கொடியதாயினும் அஃது ஒரு நோயன்று. பொதுக்கடமை தளர்ந்தது என்னும் நோயின் குறியாகும்.

நம் நாட்டிற்கும் சுங்கம் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சுங்கம் கொள்வோர் ஓய்வின்றி உழைத்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அரசனுக்குரிய பொருள்களுள் உல்கையும் ஒன்றாக வைத்தெண்ணினார் வள்ளுவர். ஆயினும் நம் மக்கள் அரசனைச் சுங்கம் வாங்கியவன் என்று புகழ்ந்ததில்லை. 1070-ஆம் ஆண்டில் அரியணையேறிய முதற் குலோத்துங்கனுக்கு அவர்கள் மகிழ்ந்தளித்த பெயர் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்பது. அவன் வென்ற போர்களை மறந்தவர்களும் அவன் விட்ட சுங்கத்தை மறந்திலர். கம்பெனியார் ஆட்சியில், உள்நாட்டில் சரக்குகள் ஒரு மாவட்டத்தினின்று மற்றொன்றுக்குச் செல்லும் வழியெங்கும் வாங்கப்பெற்ற வரி நெசவாளரையும் வணிகரையும் நெடுங்காலம் வருத்தியது. சென்னை மாகாணத்தில் அது 1844-ஆம் ஆண்டில், அதாவது நம் பாலம் திறந்த அடுத்த ஆண்டில், நீக்கப்பட்டது. பின்னர் ஸ்தல ஸ்தாபனங்கள் சாலைகளில் வாயிலிட்டு வண்டிச்சுங்கம் வாங்கின. 1931-ஆம் ஆண்டு மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தபின் மோட்டார் வண்டிகளின் மேல் இருந்த சுங்கம் நின்று, வரியிலிருந்து அந்த ஸ்தாபனங்கட்கு ஈடு அளிக்கும் முறை வந்தது. வாயில்கள் போயின, பெயர்கள் போகவில்லை. திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே கொள்ளிடக்கரையில் 'நம்பர் 1 டோல்கேட்' என்றும், சென்னைத் தண்டையார்பேட்டையில் 'டோல்கேட்' என்றும், கோயம்புத்தூரில் 'சுங்கம்' என்றும் இன்றும் பஸ் நிற்கும் இடங்கள் வழங்குகின்றன.

நிற்க. சாலைக்குச் சொன்ன இது ஆற்றுக்கு எங்ஙனம் பொருந்தும் என்று கேட்பீராயின், கூறுவாம்.

பொதிகையிற் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் பொருநை ஏறத்தாழ 128 கிலோமீட்டர் நீளமே உடையது. நீளத்தால் சிறியது, பயனால் பெரியது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழையும் இதற்கு நீரூட்டுவதால் கார், பிசானம் என இரு போகம் விளைகிறது. இந்நீரைத் தேக்கித் திருப்புவதற்கு ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்னும் ஏழும் ஆங்கிலேயர் வருமுன்பே எழுந்தவை. எட்டாவதாகிய ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 1870-களில் முடிந்தது. இவற்றினின்று பிரியும் கால்வாய்களும், அவை நிரப்பும் நூற்றுக்கு மேற்பட்ட குளங்களும் சேர்ந்து சுமார் 86,000 ஏக்கர் நிலத்தை ஊட்டுகின்றன. பாபநாசத்தில் 1940-களிலும், மணிமுத்தாற்றில் 1958-ஆம் ஆண்டிலும் எழுந்த பெரிய அணைகள் இப்பழைய அமைப்புக்குத் தலைமாட்டில் நின்று துணைசெய்வனவேயன்றி, அதற்கு மாற்றாக வந்தவையல்ல.

இவ்வமைப்பின் நுட்பம் எளிமையிலுளது. பழைய அணைக்கட்டு பெருஞ்சுவரன்று. ஆற்றின் போக்கிற்கு இசைந்து சாய்வாக இட்ட கற்படுகை. வேண்டிய நீர் தலைமதகின் வழியே கால்வாயிற் புகும். மிகுந்த நீர் கல்லின் மேல் வழிந்து கீழுள்ள அணைக்கட்டுக்குச் செல்லும். மேலோன் கழித்தது கீழோனுக்கு உணவு. கால்வாய் குளத்தை நிரப்பும். குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்தை நிரப்பும். ஒருவன் வாசலில் அடைத்தால் பத்து ஊர் வாசலில் வறட்சி. ஒருவன் வாசலில் திறந்தால் பத்து ஊர் வாசலில் விளைவு.

கன்னடியன் கால்வாயைப் பற்றி ஓர் ஐதிகம் உண்டு. கன்னட நாட்டினின்று வந்த பிரமசாரி ஒருவர், தமக்குத் தானமாகக் கிடைத்த பெரும்பொருளைத் தமக்கென வையாது இக்கால்வாயை வெட்டுவித்தார் என்றும், பசுவொன்று நடந்து சென்ற வழியே கால்வாய் வெட்டப்பெற்றதென்றும், அது படுத்த இடத்தில் குளம் அமைந்ததென்றும் கூறுவர். கதையாயினும் ஆகுக. நீரையும் வழியையும் பொதுவாக்கியவனையே நம் நாட்டார் கதை கட்டிப் போற்றினர் என்பது அதனால் விளங்கும். கன்னடியனையும் சுலோசன முதலியாரையும் அடுத்தடுத்து நிறுத்தி நோக்குமின். ஒருவர் நீருக்கு வழி செய்தார். மற்றவர் நீர்மேல் வழி செய்தார். இருவரும் காசு கேட்டிலர்.

ஆயினும் தானம் ஒரு நாள் நிகழ்வது. காவல் ஆண்டுதோறும் வேண்டுவது. கால்வாயில் வண்டல் படியும். கரையில் நண்டு வளையிடும். மதகின் கல் பெயரும். இவற்றைச் சீர்செய்யும் முறைக்குக் குடிமராமத்து என்று பெயர். நீர் பெறும் நிலத்தின் அளவுக்கேற்ப ஆள் அனுப்பிக் கால்வாய் தூர்வாருதல் ஊர்க்கடமை. பெரிய பழுதுகளைப் பார்த்தல் அரசின் கடமை. ஆங்கிலநாட்டின் ஆறு நாள் உழைப்பும் நம் குடிமராமத்தும் ஒரே இனத்தவை என்பது வெளிப்படை. அங்குப் போலவே இங்கும் அது தளர்ந்தது. 1858-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கத்தார் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றி அதனை நிலைநிறுத்தப் பார்த்தனர். சட்டத்தின் கை ஊரின் மனத்தைத் தொடவில்லை. பழமையைப் போற்றுங்கால் அதன் குறையையும் மறைத்தலாகாது. குடிமராமத்தில் நிலமுடையோன் பெயர் ஏட்டில் இருந்தது; மண்வெட்டியோ பெரும்பாலும் நிலமற்றோன் தோளில் இருந்தது. அவ்வநீதியை மீண்டும் கொணர்தல் எம் விருப்பமன்று. நீரால் பயன்பெறுவோன் நீருக்கு உழைத்தல் வேண்டும் என்ற அதன் நெறியையே மீட்க வேண்டுகிறோம். 2017-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு இப்பெயராலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது; பெயர் மீண்டதுபோல் ஊரார் உணர்வும் மீண்டதா என்பதை ஒவ்வோர் ஊரும் தன் நெஞ்சைக் கேட்டறிதல் வேண்டும்.

இனி எம் முதன்மையான கருத்தைச் சொல்வோம். பொருநை எவரிடமும் சுங்கம் கேட்பதில்லை. ஆயின் காவல் ஒழிந்த இடத்தில் சுங்கம் முளைக்கும் என்ற விதி ஆற்றையும் விடவில்லை. ஆற்றின் நெடுகக் கண்ணுக்குப் புலனாகாத சுங்கவாயில்கள் பல எழுந்துள்ளன. தலைமடைக்காரன் தன் பங்கினும் மிகுதியாகத் திறந்துகொள்ளும்போது, அவன் கடைமடைக்காரனிடம் சுங்கம் வாங்குகிறான். நகரத்தார் தம் சாக்கடையை ஆற்றில் விடும்போது, கீழேயுள்ள ஊர்களின் குடத்தின் மேல் சுங்கம் விதிக்கின்றனர். மணலை அள்ளிச் செல்வோன், அடுத்த ஊர்க் கிணற்றின் ஊற்றைச் சுங்கமாகக் கொண்டுபோகிறான். அணைக்கட்டில் வண்டலைப் படியவிட்டு வாளாவிருப்போர், வருகின்ற கோடையினிடத்தே சுங்கம் வாங்கி வைக்கின்றனர். சாலைச் சுங்கத்திற்குச் சீட்டேனும் உண்டு. இச்சுங்கத்திற்குச் சீட்டும் இல்லை, கணக்கும் இல்லை, மறுத்துப் பேச ஒரு வாயிலும் இல்லை. செலுத்துவோன் யாவன்? எப்பொழுதும் ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் உள்ளவன், பெரும்பாலும் ஏழை.

இது மிகைக்கூற்று என்று எண்ண வேண்டா. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் வண்டல் படிந்து நீர் நிற்க இடமின்றிப் போனமையால், 2015-ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டுத் தூர்வார ஆணையிட வேண்டியதாயிற்று. ஊரார் மண்வெட்டி செய்ய வேண்டியதை நீதிமன்றத்தின் எழுதுகோல் செய்தது. ஆற்றில் கழிவுநீர் கலக்கும் நிலையை 2024-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் தாமே நேரில் வந்து பார்வையிட்டனர். நீதிபதிகள் ஆற்றங்கரைக்கு வந்தது ஆற்றுக்குப் பெருமை; நமக்கோ நாணம். பாளையங்கோட்டையின் நடுவே செல்லும் பாளையங்கால்வாயைப் பார்ப்போமாக. பழவூர் அணைக்கட்டில் அது தெளிந்த நீராகப் புறப்படுகிறது. நகரத்தைக் கடந்து வெளியேறுகையில் அதன் நிறமும் மணமும் எத்தகையன என்பதை, அதன்மேலுள்ள சிறுபாலங்களைக் கடக்கும் மாணாக்கர் எவரும் அறிவர். அது நம் கழிவைச் சுமந்துகொண்டு நமக்கு நெல் விளைக்கும் குடியானவனிடம் செல்கிறது.

வெள்ளமும் இத்தகைய ஒரு கணக்கரே. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் இப்பகுதியில் பெய்த மழை நம் நினைவினின்று நீங்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. பொருநை இரு கரையும் மீறியது. ஏரல் முதலிய ஊர்கள் துண்டிக்கப்பட்டன. திருச்செந்தூரினின்று சென்னைக்குப் புறப்பட்ட ரயிலில் எண்ணூறு பேர் வரை ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கி நின்றனர். அத்தகைய மழையை எந்தக் குளமும் முழுதாகத் தாங்காது என்பது உண்மையே. ஆயினும் மறுகால் செல்லும் வழி திறந்திருந்த ஊருக்கும் அடைபட்டிருந்த ஊருக்கும் துன்பம் ஒரே அளவினதாய் இராது. குறுக்குத்துறை முருகன் கோயிலைக் கட்டினோர் ஆற்றுக்குள்ளேயே அதனைக் கட்டினர். வெள்ளம் மேலே ஏறிச்சென்று வடிந்தபின் கோயில் நிற்கிறது. வெள்ளத்துக்கு வழிவிட்டு நிற்பது எங்ஙனம் என்பதை அக்கல் அறிந்திருக்கிறது.

சாலையின் நிலைக்கு மீள்வோம். இன்று கன்னியாகுமரி செல்லும் நெடுஞ்சாலையில் நமக்கு வடக்கே சாலைப்புதூரிலும் தெற்கே நாங்குநேரியிலும் சுங்கச்சாவடிகள் உள்ளன. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் வண்டியின் கண்ணாடியில் ஒட்டிய பாஸ்டேக் வில்லையே சுங்கத்தைச் செலுத்திவிடுகிறது. வண்டி நிற்கும் நேரம் குறைந்தது நன்மையே. ஆயின் கையால் எண்ணிக் கொடுத்தபோது உறுத்திய காசு, காணாமற் செல்லும்போது உறுத்துவதில்லை. உறுத்தாததைப் பற்றி எவரும் கணக்குக் கேட்பதில்லை. சொந்தக் கார் உடையோரே சுங்கம் கொடுப்பதாகச் சிலர் எண்ணுவர். லாரி கொடுத்த சுங்கம் அரிசியின் விலையிலும் காய்கறியின் விலையிலும் ஏறி, காரே இல்லாதான் வீட்டு உலைக்கும் வந்து சேர்கிறது. வேல்ஸ் நாட்டுச் சுண்ணாம்பின் கதை இதுவே.

'பயன்படுத்துவோன் கொடுப்பதே நீதி. சாலையிற் செல்லாதான் வரிப்பணத்தில் ஏன் சாலை போடல் வேண்டும்?' என்று கேட்பார் உளர். அக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட எமக்கு மனமில்லை. அரசின் கருவூலம் ஆழமற்றதன்று. சுலோசன முதலியார்கள் நாள்தோறும் பிறப்பதில்லை. பெருஞ்சாலைக்கும் பெரும்பாலத்துக்கும் ஒரு காலத்துக்குச் சுங்கம் வாங்குதல் தவிர்க்க இயலாததாகலாம். ஆயின் அது நீதியாவதற்கு மூன்று வேண்டும். முதலாவது, கொடுக்க மாட்டாதவனுக்கு வேறு வழி இருத்தல் வேண்டும். இரண்டாவது, செலவிட்டது இவ்வளவு, வசூலித்தது இவ்வளவு என்னும் கணக்கு, சாவடியின் முகப்பிலேயே எவரும் படிக்கத்தக்க தமிழில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். மூன்றாவது, அதற்கு ஒரு முடிவுநாள் வேண்டும். கடன் தீர்ந்தபின்னும் நிற்கும் வாயில் சுங்கமன்று, வழிப்பறியே. இம்மூன்றையும் கேட்பது நம் உரிமை. ஆற்றில் நாம் வைத்திருக்கும் கண்காணா வாயில்களை அகற்றாமல், சாலையில் உள்ள வாயிலை மட்டும் குறைகூறுவோமாயின், அவ்வுரிமைக்கு வலிமை இராது.

இனி, கல்லூரியாகிய நாம் செய்யத்தக்கது யாது? பெருந்திட்டங்களை அரசு செய்க. கன்னடியன் கால்வாயினின்று வெள்ளநீரைச் சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து வறண்ட நிலங்கட்குக் கொண்டு செல்லும் திட்டம் 2009-ஆம் ஆண்டில் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் நீண்டது. அத்தகையவை பொறியாளர்க்கும் கருவூலத்துக்கும் உரியன. நமக்குரியது சிறியது, அதனாலேயே தட்டிக்கழிக்கலாகாதது. பாளையங்கால்வாயின் ஒரு மைல் நீளத்தைக் கல்லூரி தன்னுடையதாக ஏற்கலாம். அதில் எவ்வெவ்விடத்தில் எவ்வெவ் வீட்டுக் கழிவும் விடுதிக் கழிவும் புகுகின்றன என்று மாணாக்கர் நடந்து சென்று வரைபடம் எழுதலாம். வேதியியல் மாணாக்கர் மாதந்தோறும் நீரைச் சோதித்து அளவைக் குறிக்கலாம். வரலாற்று மாணாக்கர் பழைய மதகுகளின் பெயரையும் அவற்றை ஆண்ட முறையையும் முதியோரிடம் கேட்டு எழுதலாம். அவ்வரைபடத்தில் நம் விடுதிகளின் கழிவும் ஒரு புள்ளியாக இருக்குமாயின், அதனை மறையாது முதலில் எழுதுதல் வேண்டும். அதனையே முதலில் திருத்துதலும் வேண்டும். இக்குறிப்புகளை ஆண்டுதோறும் இம்மலரிலேயே வெளியிட்டால், பத்தாண்டில் எந்த அலுவலகத்திலும் காணக் கிடைக்காத ஒரு கணக்குப் புத்தகம் நம் கையில் இருக்கும். கணக்கு வெளிப்பட்ட இடத்தில் கண்காணாச் சுங்கம் நில்லாது.

பழைய மாணாக்கராகிய பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். தங்களுட் சிலர் பாசன நிலம் உடையோர், சிலர் அலுவலர், சிலர் வழக்கறிஞர். ஊர்ப் பாசன சங்கத்தின் கூட்டத்திற்குச் செல்வதை, திருமண வீட்டுக்குச் செல்வதற்கு ஒப்பான கடமையாகக் கொள்ளுங்கள். தலைமடையில் நிலமுடையீராயின் கடைமடையை ஒருமுறை நேரில் சென்று பாருங்கள். கண்ட பின் மதகைச் சற்று இறக்குதற்கு எவரும் உங்கட்குச் சட்டம் காட்ட வேண்டியிராது.

சுங்கம் தவிர்த்தல் என்பது செலவைத் தவிர்த்தலன்று. பிறன்மேல் விழும் செலவைத் தன்மேல் ஏற்றல். குலோத்துங்கன் சுங்கத்தை விட்டபோது அவன் கருவூலம் அதனை ஏற்றது. சுலோசன முதலியார் சுங்கத்தைத் தடுத்தபோது அவர் வீட்டுப் பேழை அதனை ஏற்றது. நாம் சுங்கமின்றிப் பாலத்தைக் கடக்கிறோம்; சுங்கமின்றிப் பொருநை நீரைக் குடிக்கிறோம். இவ்விரண்டுக்கும் நாம் ஏற்க வேண்டிய பங்கு, பொன்னன்று. ஆண்டில் சில நாளின் உழைப்பும், நம் கழிவை நம் எல்லைக்குள் அடக்கும் ஒழுக்கமுமே. அதனைச் செலுத்தாது விட்டால் அது தீர்ந்துவிடாது. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே, கடைமடையில், நம் பெயரால் வேறொருவன் அதனைச் செலுத்திக்கொண்டிருப்பான்.